காலம் கொடுத்துப் பெறும் கூர்மை: ரேடாரில் திசைவேகப் பிரிதிறன்

ஆண்டுவிழா மலருக்கு ரேடார் பற்றி ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு இது கௌரவம். தட்ட மனம் வரவில்லை. டாப்ளர் விளைவு என்றால் என்ன, எதிரலை எப்படித் திரும்பி வருகிறது என்பதெல்லாம் இம்மலரைப் புரட்டுவோருக்குப் பழம்பாடம். ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ ஒரே வேகத்தில் நகரும் இரண்டு பொருள்களை ரேடார் இரண்டாகவே காண என்ன வேண்டும்?

சூத்திரம் சிறியது. அலைநீளத்தை, இலக்கை நோக்கியிருக்கும் நேரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது திசைவேகப் பிரிதிறன். அந்த எண் சிறுக வேண்டுமானால் ஒன்று அலை குறுக வேண்டும், அல்லது நேரம் நீள வேண்டும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் இதைக் காதாலேயே அறிவார். இரண்டு தந்திகளும் வெகுவாக விலகியிருந்தால் மீட்டியவுடன் தெரிந்துவிடும். நூலிழை விலகல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டால்தான் அந்த அலைவு பிடிபடும்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொன்னவைதாம். ஆனால் ரேடார் வடிவமைப்பாளன் மேசையிலும் இந்த மூன்றே கிடக்கின்றன. எவ்வளவு தொலைவு காணலாம் என்பதைப் பெரும்பாலும் வலி, அதாவது செலுத்தும் திறன், தீர்மானிக்கிறது. இடத்தைக் கூர்மையாக அறிய அலைப்பட்டை அகலம் வேண்டும். வேகத்தைக் கூர்மையாக அறியக் காலம் வேண்டும். காலத்தின் குறையை மற்ற இரண்டால் ஈடுகட்ட முடிவது அரிது. நடு அதிகாரத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை.

வேங்கடத்தின் அடியில்

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ்நிலத்துக்கு வடவெல்லையாகச் சொல்லும் வேங்கடத்துக்கு அருகில், திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கி இருக்கிறது. ஏழுமலையானைத் தரிசிக்கப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அங்கே 1990களின் தொடக்கத்திலிருந்து மேல்காற்றை அளக்க வானத்தையே நோக்கி நிற்கும் எம்.எஸ்.டி. ரேடாரைத் தெரியும்? 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண். வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் 1024 யாகி ஆன்டெனாக்கள். தொடக்கத்தில் உச்சத் திறன் 2.5 மெகாவாட். நம் நாட்டிலேயே கட்டி எழுப்பியது என்பதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

அந்த அலையின் நீளம் 5.66 மீட்டர். காற்று மேலெழுவதும் கீழிறங்குவதும் பெரும்பாலும் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். நொடிக்கு 10 செ.மீ. பிரிதிறன் வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 நொடி ஒரே திசையில் நோக்கியிருக்க வேண்டும். அந்த வேகத்துக்குரிய டாப்ளர் பெயர்ச்சி 0.035 ஹெர்ட்ஸ், ஒரு முழு அலைவு முடியவே 28 நொடி ஆகும் என்றால் அதற்குள் எதைப் பிரித்தறிவது? மேல்காற்று மெல்ல மாறுவதால் இந்தப் பொறுமை அங்கே செல்லுபடியாகிறது.

சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவப்பட்ட வானிலை ரேடாரைப் போன்ற, 10 செ.மீ. அலைநீளம் கொண்டவற்றின் நிலை வேறு. ஆன்டெனா நிமிடத்துக்கு மூன்று சுற்று சுற்றுவதாகவும், கற்றை ஒரு பாகை அகலம் என்றும் கொண்டால், ஒரு திசைக்குக் கிடைப்பது 55 மில்லிநொடி. மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் தொல்காப்பியர் அளவாகக் காட்டினார். இது அதற்கும் குறைவு. பிரிதிறன் நொடிக்கு 0.9 மீட்டரில் நின்றுவிடும். சுற்றும் வேகத்தைப் பாதியாக்கினால் கூர்மை இரட்டிக்கும். ஆனால் வானம் முழுவதையும் பார்த்து முடிக்க இரு மடங்கு நேரமாகும். புயல் அதுவரை காத்திருக்காது. நல்லவேளையாக, காற்றின் சராசரி வேகம் மட்டும் போதும் என்னும் இடத்தில் அடுத்தடுத்த துடிப்புகளின் கட்ட வேறுபாட்டை வைத்தே வேலையை முடித்துவிடலாம்.

இட்டு நிரப்புவதும் பெறுவதும்

இங்கே ஒரு மயக்கத்தைக் கண்டித்தே ஆகவேண்டும். 64 மாதிரிகளுக்குப் பின்னால் சுழிகளை அடுக்கி 1024 ஆக்கி ஃபூரியர் மாற்றம் செய்தால், நிறமாலை வழுவழுப்பாக, பார்க்க அழகாக வரும். பிரிதிறன் ஒரு துளியும் கூடியிருக்காது. ஒட்டிக்கிடந்த இரண்டு முகடுகள் ஒட்டியேதான் கிடக்கும். கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு ஃபூரியர் முறை (காஸ் அதை 1805 அளவிலேயே கண்டிருந்தார்) கணக்கின் வேகத்தைத்தான் கூட்டியது. காணும் நேரத்தை அல்ல.

சாளரச் சார்புகளும் அப்படித்தான். ஹான் சாளரத்தைப் போட்டால் பக்கமுகடுகள் −13 டெசிபெல்லிலிருந்து −31க்கு அடங்கும்; வலுவான எதிரலையின் நிழலில் மறைந்த மெலிந்த இலக்கு தலைகாட்டும். அதற்கு விலையாக நடுமுகடு அகன்றுவிடும். பிரிதிறனை உயர்த்தப் புறப்பட்டவர் சாளரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டு, கூர்மை எங்கே போயிற்று என்று தேடுவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறேன்.

சரி, நேரத்தை நீட்டிக்கொண்டே போகலாமே என்றால், இலக்கு விடாது. கார்களில் வரும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 3.9 மி.மீ. 20 மில்லிநொடி நோக்கினாலே நொடிக்கு 10 செ.மீ. பிரிதிறன் கைக்கு வந்துவிடும். ஆனால் முன்னால் போகும் வண்டி நொடிக்கு நொடி 5 மீட்டர் என்ற முடுக்கத்தில் பிரேக் பிடித்தால், அந்த 20 மில்லிநொடிக்குள் அதன் வேகமே நொடிக்கு 10 செ.மீ. மாறிவிடுகிறது. அதற்கு மேல் நீட்டினால் முகடு கூர்மையாவதற்குப் பதில் பரந்து கரையும். முடுக்கத்தையும் ஊகித்து ஈடுசெய்தால்தான் மேலே போக முடியும். இன்னொரு தொல்லையும் உண்டு. எதிரே நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் நெருங்கும் வண்டி அதே நேரத்தில் 60 செ.மீ. நகர்கிறது, ஒரு கிகாஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் தொலைவு அறை ஒன்று 15 செ.மீ.தான். இலக்கு நான்கு அறைகளைத் தாண்டிப் போய்விட, ஒரே அறையில் காத்திருப்பவனுக்கு ஆற்றல் சிதறித்தான் கிடைக்கும். கீஸ்டோன் உருமாற்றம் இந்த நகர்வை நேராக்கித் தருகிறது.

கொல்கத்தாவிலிருந்து வந்த வரம்பு

பிரிதிறன் வேறு, துல்லியம் வேறு. இதைத் தெளிவாக்கியதில் ஓர் இந்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. ஹடகலியில் பிறந்த சி.ஆர். ராவ் 1945இல் கொல்கத்தா கணிதக் கழக இதழில் வெளியிட்ட கட்டுரை, சாய்வற்ற எந்த மதிப்பீட்டுக்கும் பிழை இதற்குக் கீழே இறங்காது என்று வரம்பு கட்டியது. ஸ்வீடனின் கிராமர் பெயரும் சேர்ந்து அது இன்று கிராமர்–ராவ் வரம்பு. 102 வயது வரை வாழ்ந்து 2023இல் மறைந்த அப்பெருமகனை வணங்குகிறேன். ஒற்றை இலக்குக்கு அந்த வரம்பைப் போட்டுப் பார்த்தால், மாதிரியெடுக்கும் வீதம் மாறாமல் நேரம் நான்கு மடங்கானால் வேகப் பிழை எட்டில் ஒன்றாகிறது. பிரிதிறனோ நான்கு மடங்குதான் மேம்படும். ஆக, தனியாக வரும் இலக்கின் வேகத்தை, பிரிதிறன் அளவான வேக அறையின் அகலத்தைவிட நுணுக்கமாகச் சொல்ல முடிவதில் வியப்பில்லை. இரண்டு இலக்குகள் ஓர் அறையில் நெருங்கி நிற்கும்போதுதான் சோதனை.

அந்தச் சோதனைக்குத்தான் கேபனின் முறை, ஷ்மிட்டின் மியூசிக், பூனாவில் பிறந்த தாமஸ் கைலாத்தும் ராயும் 1989இல் விரிவாக வெளியிட்ட எஸ்பிரிட் எல்லாம் வந்தன. ஃபூரியர் எல்லையை இவை தாண்டுவது உண்மை. ஆனால் இரைச்சலுக்கு மேல் சமிக்ஞை ஓங்கியிருக்க வேண்டும். மியூசிக்குக்கும் எஸ்பிரிட்டுக்கும் இலக்குகள் எத்தனை என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். தவறினால் இல்லாத இலக்கைக் காட்டும், இருப்பதை விழுங்கும்.

நம் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். திட்ட அறிக்கையில் பிரிதிறனை உயர்த்தினோம் என்று எழுதும் பக்கத்திலேயே அலைநீளம், நோக்கு நேரம், சாளரம், சமிக்ஞை–இரைச்சல் விகிதம் நான்கையும் எழுதிவிடுங்கள். ஒற்றை இலக்கின் கூர்முகட்டுப் படத்தோடு நிறுத்தாதீர்கள். இரண்டு இலக்குகளை வையுங்கள். ஒன்றை மற்றதைவிட 20 டெசிபெல் மெலிதாக்குங்கள். வேக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன என்பதையும் அச்சிடுங்கள்.