ஃபுட்வால்வும் கோயம்புத்தூர் சங்கமும்

திருவண்ணாமலை பக்கம் கிணத்துல மோட்டார் ஓட்டறவங்களுக்குத் தெரியும்: ஃபுட்வால்வு ஒழுகினா பம்புல சாணித்தண்ணி கரைச்சு ஊத்தணும். குழாயோட அடியில இருக்கிற ஒருவழிக் கதவுதான் அது. மோட்டார் நின்னதும் தண்ணி கிணத்துக்கே திரும்பிடாம பிடிச்சு வைக்கும்.

பம்புன்னா நமக்கு கோயம்புத்தூர்தான். ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மோட்டார் செஞ்ச ஊர் (அது தனிக்கதை!). அங்கே மோட்டார், பம்பு செய்யறவங்க சேர்ந்து 1952-ல் 'சீமா' சங்கத்தை ஆரம்பிச்சாங்க. அவங்க செஞ்சதுல எனக்குப் பெருசாப் படறது 'சிட்டார்க்' சோதனைக்கூடம். சின்னப் பட்டறைக்காரர் தனியா வாங்க முடியாத கருவிகள், அங்கே எல்லாருக்கும் பொது.

இந்த ஃபுட்வால்வுக்கே ஐ.எஸ். 10805 என்று இந்தியத் தரம் உண்டு. சும்மா இல்லைங்க. தண்ணி நுழையற வழி குறுகலா இருந்தா உராய்வு கூடும், அதே தண்ணிய இறைக்க கரண்ட் அதிகம் செலவாகும்.

ஆனா 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் கரண்ட் இலவசமாச்சு. அப்புறம் முத்திரைய யார் பார்ப்பா? விலை கம்மியானதைக் கொடுங்கன்னுதான் கடையில கேக்கறோம். (இலவசம் வேணாம்னு சொல்ல வரலை, அடிக்க வராதீங்க.) குறுகலான வால்வுல வீணாகிற கரண்டுக்கும் சேர்த்து மின்வாரியத்துக்கு மானியம் கட்டறது அரசாங்கம்.