எழுவான்கரை வீதி: காட்சிக்குரிய வீதி என்பது எது?

ஒரு வீதியைக் "காட்சிக்குரிய வீதி" என்று அரசு அறிவித்துப் பாதுகாக்கும்போது உண்மையில் எது பாதுகாக்கப்படுகிறது? வீதியா, வீதியிலிருந்து தெரிவதா, அல்லது வீதியோரத்தில் வாழ்கின்றவர்களின் வாழ்வா? இந்தக் கேள்வி நம் நாட்டில் எழும்போதெல்லாம் நுவரெலியாவும் எல்லவும்தான் பேச்சுக்கு வரும். மலை, அருவி, தேயிலை, பனிமூட்டம் என்று பட்டியல் முடிந்துவிடும். கல்முனைக்கு வடக்கே பெரியநீலாவணையூடாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வீதியை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவந்தால் சிலர் சிரிக்கவும் கூடும். அந்த வீதியில் பஸ்ஸில் செல்பவருக்கு மதிலும் கடையும் விளம்பரப் பலகையுமே தெரிகின்றன. கடல் சில நிமிட நடைத் தொலைவில்தான் இருக்கிறது, ஆனால் தெரிவதில்லை.

எனினும் இந்த வீதியை வைத்தே அக்கேள்விக்குச் சரியான விடை காணலாம் என்பது என் எண்ணம்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்கு தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதன் தென்கோடி கல்முனைப் பகுதியை எட்டுகிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம். கதிரவன் எழும் பக்கம் என்பதால் அதற்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு அப்பால் வயல்கள் விரியும் மேற்குப் பக்கம் படுவான்கரை. இவ்வளவு பொருத்தமான இரண்டு இடப்பெயர்களைத் தமிழில் வேறெங்கும் நான் கண்டதில்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாகச் சுற்றிவரும் ஏ4 நெடுஞ்சாலையின் இறுதிப் பகுதி இந்த எழுவான்கரையின் முதுகெலும்பாக ஓடுகிறது. மட்டக்களப்புக்குத் தெற்கே இரயில் இல்லை. ஆகவே காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, பெரியகல்லாறு, களுவாஞ்சிக்குடி என்று ஊரை ஊர் தொடும் இந்தக் கரைக்கு இதுவே பெருவழி.

1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது எல்லைக்கோடு பெரியநீலாவணைக்கு வடக்கே விழுந்தது. அதனால் பெரியநீலாவணை அம்பாறை மாவட்டத்திலும், வாவியோரத்துத் துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டத்திலும் ஆயின. பெயரால் உடன்பிறந்த இரண்டு ஊர்கள் இரண்டு கச்சேரிகளுக்குப் போகத் தொடங்கின. வீதி மட்டும் கோட்டைப் பொருட்படுத்தாமல் ஓடுகிறது.

வெளிநாடுகளில் இவ்விடயம் எவ்வாறு அணுகப்பட்டது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் தேசிய காட்சி வீதித் திட்டம் உருவானது. அதன்படி ஒரு வீதிக்கு ஆறு வகைச் சிறப்புகள் இருக்கலாம்: கண்ணுக்கினிய காட்சி, இயற்கை, வரலாறு, பண்பாடு, தொல்லியல், பொழுதுபோக்கு. அழகு ஆறில் ஒன்று மட்டுமே. மீதியில் ஏதேனும் ஒன்று சிறந்து விளங்கினாலும் வீதி தகுதி பெறும். "காட்சி" என்ற பெயரில் தொடங்கிய திட்டம் கண்ணை விட்டு நினைவுக்கும் வாழ்வுக்கும் போய்விட்டது என்பதுதான் இதிலுள்ள சுவை.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பெருங்கடல் வீதி இதற்கு இன்னும் நல்ல சான்று. ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நீளமான அக்கடற்கரை வீதியை முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை அமைத்தார்கள். திரும்பி வராத தோழர்களின் நினைவுச் சின்னமாகவே அதனை வெட்டினார்கள். 2011 இல் அது அந்நாட்டின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2020 இல் அதன் சூழலைக் காப்பதற்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் கடலைப் பார்க்கிறார்கள். வீதியோ மாண்டவர்களுக்காக எழுந்தது.

இந்த அளவுகோல்களோடு எழுவான்கரைக்குத் திரும்பினால், கண்ணில் படாதவை பல தென்படும்.

மட்டக்களப்பு நகருக்கும் எழுவான்கரைக்கும் இடையே கல்லடியில் 1924 இல் பாலம் கட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் மனைவியின் பெயரால் லேடி மானிங் பாலம் என்றார்கள். அதற்கு முன்னர் ஓடத்தில்தான் வாவியைக் கடக்க வேண்டும். 2013 இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. தெற்கே கல்லாற்றில் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தையும் வீதி பாலத்தால் கடக்கிறது. இந்த வழிநெடுக, கிழக்கே கடலையும் மேற்கே வாவியையும் பயணி ஒருசேரக் காணக்கூடிய இடம் அதுதான். ஒரு நிமிடம்கூட நீடிக்காத காட்சி அது. அதைக் காண்பதற்காகவே பஸ்ஸில் சன்னலோர ஆசனம் பிடிக்கும் பெரியவர்களை நான் அறிவேன்.

இது யாத்திரை வீதியும் ஆகும். வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் ஆடி விழாவை நோக்கி இவ்வழியே தெற்கே இறங்குகிறார்கள். திருக்கோவில், ஒக்கந்தை, குமணக் காடு என்று அவர்களின் பாதை நீளும். ஓந்தாச்சிமடம், குருக்கள்மடம் என்று மடத்தைப் பெயரில் சுமக்கும் ஊர்கள் வழியில் இருப்பதைக் கவனியுங்கள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பு. சிறிது தெற்கே கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ் நினைவாக ஏற்றப்படும் கொடி. பாண்டிருப்புக்கு வடக்கே மருதமுனையின் கைத்தறி. அங்கு நெய்த சாரமும் சேலையும் நாடெங்கும் போயின. தறி ஓசையும் பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே வீதியில் அடுத்தடுத்துக் கேட்பதைப் பண்பாட்டுச் சிறப்பு என்று சொல்லாமல் வேறு எவ்வாறு சொல்வது?

இலக்கியத்துக்கும் இந்த வீதியில் பங்குண்டு. 1892 இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், யாழ் நூல் வெளிவந்த 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்து, கல்லடியில் சமாதி கொண்டார். அவருடைய தொட்டிலும் சமாதியும் இந்த வீதியின் இரு முனைகளில் இருக்கின்றன. நடுவே, பெரியநீலாவணையில் 1931 இல் பிறந்த ஆசிரியர் சின்னத்துரை, ஊர்ப்பெயரையே புனைபெயராக்கி நீலாவணன் ஆனார். ஈழத்து நவீன கவிதையின் முன்னணிப் பெயர்களுள் ஒன்று அது. 1975 இல் அவர் மறைந்த பின்னர் வெளியான அவரது கவிதைத் தொகுதியின் பெயர் "வழி". படுவான்கரை வயல்வாழ்வைப் பாடும் "வேளாண்மை" 1982 இல் நூலாயிற்று. ஊரின் பெயர் வரைபடத்தை விடக் கவிதை வழியாகவே உலகத் தமிழருக்கு அதிகம் போய்ச் சேர்ந்தது.

இனிமையானவற்றை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. 1990 இல் இந்த வீதி அச்சத்தின் வீதியாயிற்று. ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அம்மாதமே கல்முனையை இராணுவம் மீளக் கைப்பற்றிய பின்னர் தமிழர் பலர் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் கடமையை முடித்து வந்தோரும் அவர்களுள் இருந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியே கொலைக்களமானது. அதன் பின் நெடுங்காலம், அடுத்த ஊரைக் கடக்கும்போது பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கிவிடும். ஒரு வீதியின் வரலாற்றுச் சிறப்பு என்று பட்டியல் போடுவோர் இதனையும் அதில் எழுத வேண்டும். யார் எழுதுவது, எந்த மொழியில், எந்த ஊர் எல்லையில் நினைவுக்கல் நடுவது என்ற கேள்விகள் எளியவை அல்ல.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வீதியைத் தேடி வந்தது. நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்டது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று நெருக்கமாகக் கட்டப்பட்ட கரையோர வீடுகள் வரிசையாக அழிந்தன. உயிர் பிழைத்தவர்கள் ஓடிவந்து ஏறியது இந்த வீதியில்தான்.

அடுத்து வந்ததை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2005 இன் தொடக்கத்தில் அரசு கடலோரப் பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். வீதிக்கும் கடலுக்கும் இடையே சில நூறு மீற்றரே உள்ள ஊரில் 200 மீற்றர் என்பது ஊரில் பெரும் பகுதி. கரைவலை இழுப்பவன் கடலைவிட்டு எங்கே போவான்? எதிர்ப்பு எழுந்தது, பின்னர் அளவு தளர்த்தப்பட்டது. மருதமுனையில் "65 மீற்றர்" என்பது ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஓர் அளவு இடப்பெயராகும் அளவுக்கு அது மக்களின் வாழ்வுக்குள் புகுந்திருந்தது.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமையிலான அக்குழுவில், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அக்குழுவில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. ஆகவே "பாதுகாக்கப்பட்ட பகுதி" என்ற சொல்லை வர்த்தமானியில் கண்டால் கிழக்கில் உள்ளவர் மகிழ்வதில்லை. உறுதிப்பத்திரத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வர்ஜினியாவில், ஷெனன்டோவா தேசியப் பூங்காவின் மலைமுகட்டு வீதி 1930 களில் உருவானபோது, பயணிகளுக்கு "தூய இயற்கை" தெரிய வேண்டும் என்பதற்காக நூற்றுக்கணக்கான மலைவாழ் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பிற்காலத்து அமெரிக்கத் திட்டம் இவ்வழியில் செல்லவில்லை. வீதியோர மக்களே முன்மொழிந்து, வீதியை எவ்வாறு பேணுவது என்ற திட்டத்தைத் தாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவிப்பினால் நடுவண் அரசுக்கு நிலத்தின் மீது புதிய அதிகாரம் எதுவும் வராது. ஆனால் நெடுஞ்சாலையோரம் புதிய விளம்பரப் பலகைகளுக்குத் தடை உண்டு. கிழக்கிலங்கைக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது இந்த முறை ஒன்றே.

அப்படியானால் எழுவான்கரை வீதியில் எதனைக் காப்பது? கடலுக்குப் போகும் ஒழுங்கைகளை என்பேன். வீதியிலிருந்து கிழக்கே பிரியும் ஒவ்வோர் ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் நீலமாகத் தெரியும். பஸ் ஓடும் வேகத்தில் அது மின்னி மறையும், மறுபடியும் மின்னும். பெரியநீலாவணை வீதியின் காட்சி என்பது இதுதான்: நூறு சிறு சன்னல்கள். கிடுகு வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில் எழுந்ததும், ஒழுங்கை வாயிலில் பெயர்ப்பலகை வளைவு வந்ததும், முனைக்கடை ஒரு முழம் முன்னே நகர்ந்ததும் அந்தச் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகின்றன. 2004 இல் மக்கள் ஓடிவந்ததும் இவ்வழிகளால்தான். அவை அடைபட்டால் அழகு மட்டும் போகாது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. கட்டடக் கோடு, வீதிக் கோடு பற்றிய விதிகள் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளன. கடற்கரைக்கு 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் இருக்கிறது. உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் அதன் வரம்புக்குள் வருகிறது. விளம்பரப் பலகைக்கு அனுமதி கொடுப்பது உள்ளூராட்சி மன்றம். கல்முனையில் அது மாநகர சபை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிணக்கு தமிழரையும் முஸ்லிம்களையும் எதிரெதிரே நிறுத்தி வைத்திருக்கும் சூழலில், ஒழுங்கைகளின் கணக்கெடுப்பு ஒன்றையாவது இரு சமூகத்தாரும் கூடிச் செய்யலாம். பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் கோயில் பரிபாலன சபைக்கும் தத்தம் ஊரின் எந்த ஒழுங்கை எப்போது ஒடுங்கியது என்பது நன்றாகத் தெரியும்.

காலமும் அதிகம் இல்லை. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோடு நகரும் மணலை மறித்துவிட்டன. துறைமுக வாயிலில் மணல் நிரம்பிப் படகுகள் தடுமாறின. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தென்னைகளைச் சாய்த்தது. கருங்கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நிற்க, அடுத்த இடத்தில் தொடங்கியது. காரைதீவும் சாய்ந்தமருதும் மருதமுனையும் பெரியநீலாவணையும் அந்த நிந்தவூருக்கு வடக்கேதான் இருக்கின்றன.