பனிமலை வெந்நீர் ஊற்றுகளில் நீராடச் செல்வோர் அறிய வேண்டியவை

பத்ரிநாத்தின் தப்த குண்டம், யமுனோத்ரியின் ஊற்றுகள், இமாச்சலப் பிரதேசத்தின் கீர்கங்கா, சிக்கிமின் யும்தாங் ஆகியவை இமயமலையின் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றுகள். பத்ரிநாத் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாதலால் தமிழ்நாட்டிலிருந்தும் அடியார்கள் பலர் செல்கின்றனர். இவ்விடங்கள் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலோ அதற்கு மேலோ உள்ளன. உயரம், வெந்நீர், கடுங்குளிர் ஆகிய மூன்றும் அங்கு உடலை ஒருசேரப் பாதிக்கின்றன. மருத்துவ உதவியோ தொலைவில் இருக்கும். எனவே முன்னெச்சரிக்கை இன்றியமையாதது.

உடலில் நிகழ்வது என்ன?

வெந்நீரில் தோலின் இரத்த நாளங்கள் விரிவதால் இரத்த அழுத்தம் குறைகிறது. திடீரென எழுந்தால் மயக்கம் வரலாம். வெளியே வந்ததும் குளிரால் நாளங்கள் சுருங்கி, அழுத்தம் விரைந்து உயர்கிறது. ஆக்சிஜன் குறைந்த மலைக்காற்றில் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கும் இதயத்துக்கு இம்மாற்றம் பெருஞ்சுமையாகும்.

பயணத்துக்கு முன் மருத்துவரை அணுக வேண்டியோர்

• இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நுரையீரல் நோய், வலிப்பு நோய் உள்ளோர், முதியோர்.
• நீரிழிவு நோயாளிகள். நரம்புப் பாதிப்பால் பாதம் உணர்விழந்திருப்பின், கொப்புளம் எழுந்த பின்னரே சூடு தெரியவரும்.
• கர்ப்பிணிகள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் உடல் வெப்பம் மிகுவது கருவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். வெந்நீர் ஊற்றில் அமிழ்வதைத் தவிர்க்க வேண்டும்.

நீரில் இறங்கும் முன்

• சமவெளியிலிருந்து ஒரே நாளில் மேலேறாதீர்கள். பத்ரிநாத் செல்வோர் வழியில் ஜோஷிமட் போன்ற ஊரில் ஓர் இரவேனும் தங்குவது நல்லது.
• தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் இருந்தால் நீராட வேண்டாம். அவை உயர்மலை நோயின் அறிகுறிகளாகலாம்.
• வெப்பத்தை அறியாமல் இறங்காதீர்கள். யமுனோத்ரியின் சூரிய குண்டத்தில் அடியார்கள் அரிசியைத் துணியில் முடிந்து வேகவைக்கின்றனர். அது நீராடும் குளமன்று. 60 டிகிரி செல்சியஸ் நீர் சில நொடிகளிலேயே ஆழ்ந்த தீப்புண்ணை உண்டாக்கும்.
• குளிரில் மரத்துப்போன கால்களை நேரே வெந்நீரில் வைக்காதீர்கள். முதலில் உலர்ந்த துணியால் போர்த்தி உணர்வு திரும்பச் செய்யுங்கள்.
• மது அருந்தியிருந்தால் இறங்க வேண்டாம்.

நீரில் இருக்கும்போது

• 40 டிகிரிக்கு மிகாத நீரிலும் 10 நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தனியே இறங்காதீர்கள், குழந்தைகளைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருங்கள்.
• தலையை மூழ்கவிடாதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடிய ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரைப் பறிக்கலாம். இது அரிதே, எனினும் தவிர்க்கக்கூடியது.
• ஊற்றுநீரைப் பருகாதீர்கள். அதில் ஆர்சனிக் முதலிய தாதுப்பொருள்கள் கலந்திருக்கலாம்.

வெளியேறும்போது

பலர் கவனம் தவறுவது இந்நிலையில்தான். மெல்ல எழுந்து, சற்று அமர்ந்து, பிறகு நடங்கள். தலையையும் உடலையும் உடனே துவட்டி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளி உடை, தொப்பி, காலுறை அணியுங்கள். ஈர உடை உடலின் வெப்பத்தை விரைந்து இழக்கச் செய்யும். உலர்ந்த மாற்றுடையைக் கரையில் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பின்னரே நீரில் இறங்குங்கள்.

ஆபத்து அறிகுறிகளும் முதலுதவியும்

• தீப்புண்: 20 நிமிடம் குளிர்ந்த தூய நீரை ஊற்றுங்கள், உடலின் மற்றப் பகுதிகளைப் போர்த்தி வையுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மாவு ஆகியவற்றைப் பூசாதீர்கள்.
• உடல்வெப்பக் குறைவு: கடும் நடுக்கம், பேச்சுக் குழறல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். நடுக்கம் நின்றும் குழப்பம் நீடித்தால் நிலை மோசமாகிறது என்று பொருள். காற்றுப் படாத இடத்தில் உலர்ந்த போர்வையால் சுற்றுங்கள். மீண்டும் வெந்நீரில் இறக்காதீர்கள்.
• உயர்மலை நோய் முற்றுதல்: ஓய்விலும் மூச்சுத்திணறல், நடையில் தள்ளாட்டம் இருந்தால் தாமதமின்றித் தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும். விடியும்வரை காத்திருத்தல் கூடாது.

அவசர உதவிக்கு 112 எண்ணை அழையுங்கள். கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்கள் உண்டு. ஆகையால் செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் தெரிவித்துச் செல்லுங்கள்.

வெந்நீர் தசைவலிக்குத் தற்காலிக இதம் தரலாம். அதை நம்பி, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை நிறுத்த வேண்டாம். உடல்நிலை இடந்தராதபோது நீரைக் கையில் அள்ளித் தெளித்துக்கொண்டு திரும்புவதே நலம்.