நேப்பிள்ஸ், பெனினா, பாலைவனம்: ‘லேடி பி குட்’ விசாரணை அறிக்கையின் ஒரு வாக்கியம் குறித்து

1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவின் சுலூக் தளத்திலிருந்து நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்ட ‘லேடி பி குட்’ என்னும் பி-24 டி வகைக் குண்டுவீச்சு விமானம், திரும்பும் வழியில் தளத்தைத் தாண்டி ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சகாராவுக்குள் சென்று விழுந்ததற்கு, அதன் திசையறி அலுவலரான டி. பி. ஹேஸின் பிழையே காரணம் என்று ஆய்வாளர் பலர் எழுதிவந்துள்ளனர். இக்கருத்துக்கு ஆதாரமாக அமைவது அமெரிக்கத் தரைப்படையின் கல்லறைப் பதிவுப் பிரிவு தயாரித்த விசாரணை அறிக்கையின் ஒரே ஒரு வாக்கியம். அவ்வாக்கியம் அதே நிகழ்வைப் பற்றிய வேறு சான்றுகளோடு பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அறிக்கை கூறுவதன் சாரம் இது: விமானம் 150 பாகைத் திசையில் பெனினா விமானத்தளத்தை நோக்கிப் பறந்தது, பெனினாவின் தரைத் திசைகாண் நிலையத்திடம் தன் திசையைக் கேட்டது, நிலையத்திலிருந்து 330 பாகை என்ற விடை கிடைத்தது, ஆயினும் விமானம் பாலைவனத்துக்குள் சென்றிருப்பதால், திசையறி அலுவலர் பெனினாவைக் கடந்த பிறகு தமது வளைய ஆன்டெனாவின் பின்புறத்திலிருந்து எதிர்த்திசை அளவை எடுத்திருக்கக்கூடும். இங்கு இருவேறு கருவிகள் பேசப்படுகின்றன. தரைத் திசைகாண் நிலையம் என்பது விமானத்தின் ரேடியோ ஒலியைக் கேட்டு அது தன்னிலிருந்து எத்திசையில் உள்ளது என்று சொல்வது. வளைய ஆன்டெனா என்பது விமானத்திலேயே இருந்து தளத்தின் அலையைத் தேடுவது. ஒற்றை வளையத்தை மட்டும் கொண்ட எந்தக் கருவிக்கும் முன்புறமும் பின்புறமும் ஒன்றே ஆகையால், 330 பாகையையும் அதற்கு நேர் எதிரான 150 பாகையையும் அதனால் பிரித்தறிய இயலாது. அளக்கப்பட்டதாக அறிக்கையே பதிவுசெய்யும் எண் தரை நிலையத்தினுடையது. பிழை மட்டும் விமானத்துக்குள் இருந்தவர்மேல் சுமத்தப்படுகிறது. நள்ளிரவு 12:12 மணிக்கு விமானி வில்லியம் ஹாட்டன் ரேடியோவில் பேசியதே அந்த வளைய ஆன்டெனாவைக் கொண்டு இயங்கும் தம் தானியங்கித் திசைகாட்டி வேலை செய்யவில்லை என்று சொல்லி உதவி கேட்பதற்காகத்தான் என்பதை நினைத்தால், அதே கருவியின் பின்புறத்தைப் படித்து ஹேஸ் ஏமாந்தார் என்னும் ஊகம் நிற்பது கடினம். வளையத்தைக் கையால் திருப்பியும் அளவு எடுக்கலாம் என்று மறுப்பதுண்டு. அப்படி எடுத்ததற்குச் சான்று எதுவும் காட்டப்படாதவரை அம்மறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வரைபடத்தில் அளந்து பார்க்கும்போது தெரியவரும் ஒரு செய்தி இதுவரை பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. நேப்பிள்ஸ் நகரம் பெனினாவிலிருந்து ஏறத்தாழ 331 பாகைத் திசையில் உள்ளது. விமானத்தின் சிதைவு கிடந்த இடமோ, வடக்கு 26 பாகை 42 கலை, கிழக்கு 24 பாகை 1 கலை என்னும் புள்ளியைக் கொண்டு கணித்தால், அதே பெனினாவிலிருந்து ஏறத்தாழ 149 பாகைத் திசையில் அமைகிறது. இலக்கும் பெனினாவும் சிதைவும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் உள்ளன. இது தற்செயலாகவும் இருக்கலாம். விமானம் வழியில் எங்கும் விலகவே இல்லை என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் திசை தெரியாமல் தடுமாறிய அலுவலர் ஒருவர் வழிநடத்திய விமானம், அமாவாசை இரவில், இந்தக் கோட்டின்மேல் வந்து கிடப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஹேஸ் பிடித்த திசை சரியானது. எங்கே நிறுத்துவது என்பதே தெரியாமற்போனது. அதைச் சொல்லியிருக்க வேண்டியது பெனினா.

காலக் கணக்கும் இதையே சுட்டுகிறது. துணை விமானி ராபர்ட் டோனரின் நாட்குறிப்பு, குழுவினர் பாராசூட்டில் பாலைவனத்தில் இறங்கிய நேரத்தை அதிகாலை 2 மணி என்கிறது. அவர்கள் குதித்த பின் விமானம் ஆளில்லாமல் 26 கிலோமீட்டர் சென்றதைக் கழித்தால், பெனினாவிலிருந்து குதித்த இடம் ஏறத்தாழ 675 கிலோமீட்டர். ரேடியோ அழைப்பின்போது விமானம் பெனினாவுக்கு 100 கிலோமீட்டர் முன்னே கடலின்மேல் இருந்ததாகக் கொண்டால், எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்த அவ்விமானம் மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தில் பறந்திருக்க வேண்டும். அவ்வகை விமானத்தின் வழக்கமான பயண வேகமோ 320 கிலோமீட்டர் அளவினது. பின்காற்று உதவியிருந்தால் அழைப்பின்போது விமானம் பெனினாவுக்கு நேர்மேலே இருந்திருக்கும். உதவாவிடில் அதைத் தாண்டி நூறு கிலோமீட்டர் வரை தெற்கே சென்றிருக்கும். பின்னதே உண்மையெனில், நிலையம் சொல்லியிருக்க வேண்டிய எண் 150, சொன்னது 330. நேப்பிள்ஸிலிருந்து வரும் விமானங்களை எதிர்பார்த்திருந்த நிலையத்தார், ஒற்றை வளையக் கருவி தரும் இரு விடைகளுள் வடமேற்கைத் தெரிந்தெடுத்தது இயல்பே.

டோனரின் நேரத்தை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. தாக்குதலில் 28 விமானங்கள் பங்கேற்றதாக அவர் எழுதுகிறார். படைப்பிரிவின் பதிவு 25 என்கிறது. எனினும் புழுதிப்புயலில் சிதறிப்போன ஓர் அணியின் எண்ணிக்கையைத் தவறாகக் கேள்விப்படுவதும், தாம் தரையில் கால்வைத்த நேரத்தைத் தம் கடிகாரத்தில் தவறாகப் படிப்பதும் ஒன்றல்ல. குழுவினருக்கு அது முதல் போர்ப்பயணம் என்னும் வாதம் அடிக்கடி எடுத்துவைக்கப்படுகிறது. அது உண்மை, ஆனால் இந்தக் குறிப்பிட்ட பிழையைப் பற்றி அது எதையும் விளக்கவில்லை.

தாம் இன்னும் கடலுக்கு மேலே பறப்பதாகவே அவர்கள் இறுதிவரை எண்ணினர் என்னும் கூற்றும் திருத்தத்துக்குரியது. குதிக்கும்வரை அது சரியாக இருக்கலாம். ஆனால் ஏப்ரல் 5 காலையில், பாராசூட் சரிவர விரியாமல் மாண்ட ஜான் வொராவ்காவைத் தவிர மற்ற எட்டுப் பேரும் கூடியபின், அரைக் குடுவைத் தண்ணீரை நாளுக்கு ஒரு மூடி எனப் பங்கிட்டுக்கொண்டு அவர்கள் நடக்கத் தொடங்கிய திசை வடமேற்கு என்று நாட்குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. வந்த வழியின் நேர் எதிர்த்திசை அது. பாராசூட் துணியை அம்புக்குறி வடிவில் விரித்துக் கல் வைத்து அவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்களைத் தேடுதல் குழுவினர் பின்னர் கண்டனர். தளத்தைத் தாண்டிவிட்டோம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். எவ்வளவு தாண்டினோம் என்பதே தெரியவில்லை. தண்ணீரும் இயங்கும் நிலையிலிருந்த ரேடியோவும் கொண்ட விமானம் தெற்கே கிடந்தது. அதைத் தேடிச் செல்லாததைக் குறையாகச் சொல்வோர், அது எங்கே விழுந்தது என்பதை அவர்கள் அறிய வழியே இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

330 பாகை என்னும் எண் அவர்களை இருமுறை கைவிட்டது. முதலில், சரியான பாதையில் வருகிறீர்கள் என்று அது விமானத்துக்குச் சொன்னது. பிறகு, விமானம் கரையை எட்டவே இல்லை என்ற எண்ணத்துக்கு இடமளித்தது. அவ்வெண்ணத்திலேயே அது மத்தியதரைக் கடலில் மூழ்கியதாக முடிவுகட்டப்பட்டது. டோனரின் கடைசிக் குறிப்பு ஏப்ரல் 12ஆம் நாளுடையது. பாராசூட்டில் இறங்கியபின் ஒரு வாரத்துக்கும் மேலாக, தேடினால் கிடைக்கக்கூடிய ஒரு கோட்டின்மேல் அவர்கள் உயிரோடு இருந்தனர்.