குழாய் கருகிய கதை

போன மாதம் பேரனோடு காரில் வந்துகொண்டிருந்தேன். பாட்டு முழுச் சத்தத்தில். கல்மண்டபம் வருவதற்குள் கரகரவென்று ஒரு சத்தம். அதன்பின் வயலினும் ஜால்ராவும் காணாமல் போய், தபேலா மட்டும் தொம் தொம் என்றது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ட்வீட்டர் காயில் கருகிடுச்சு" என்றார்.

"ஆம்பிளிஃபையர் பவர் அதிகமோ?" என்று கேட்டேன்.

"இல்ல சார், பவர் பத்தாம திணறி கருகியிருக்கு."

எனக்கு 1974 ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஒலிபெருக்கிக்கு அங்கே 'ஓ-பர்லர்' என்று பெயர்; உரக்கப் பேசுவது என்று அர்த்தம். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சான்பிரான்சிஸ்கோவில் ஜென்சன், பிரிடம் என்ற இருவர் குழாய் வைத்துப் பெருங்கூட்டத்துக்குக் குரலை எட்டச் செய்தார்கள். 1925இல் ரைஸும் கெல்லாக்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் வந்தால் சுருள் ஆடும், ஒட்டிய காகிதமும் ஆடும். இன்றும் அதே வித்தைதான். 1930களில் சினிமா கொட்டகைகளுக்காகத் தடித்த ஒலிக்கு ஒன்று, மெல்லிய ஒலிக்கு ஒன்று என்று பிரித்தார்கள். பறவை போல் கீச்சிடுவதால் சின்னதற்கு ட்வீட்டர் என்று பெயர்.

நம் பேட்டைக்கு வருவோம். 1949 செப்டம்பர் 18 அன்று ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் வேலைக்கு வந்தபோது கட்சிக் கூட்டம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் குழாய் கட்டாமல் நடக்காது.

1974இல் என் தங்கை கல்யாணம். வாசலில் இரண்டு குழாய். சத்தம் போதாது என்று எனக்குக் குறை. மைக் செட்காரர் சொன்னார்: "இதுக்கு மேல வைக்காதீங்க சார். பாட்டு உடையுது, யூனிட் போயிடும்." அவர் சாப்பிடப் போனதும் நானே குமிழை முழுக்கத் திருப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரு குழாய் அடங்கிவிட்டது. மட்டமான செட் என்று திட்டி, வாடகையில் 20 ரூபாய் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் குழாய்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

பாட்டு உடைவது என்றால் என்னவென்று மெக்கானிக் இப்போதுதான் புரியவைத்தார். ஆம்பிளிஃபையர் சக்திக்கு மீறித் தர முயன்றால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. அதிலிருந்து பாட்டில் இல்லாத உச்ச ஸ்தாயி ஒலிகள் பிறக்கின்றன. அவை எல்லாம் ட்வீட்டர் தலையில் விழுகின்றன. அதன் சுருளோ மயிரிழை, சூடு தாங்காது. பெட்டியில் 100 வாட் என்று போட்டிருந்தாலும் ட்வீட்டர் தாங்குவது அதில் சிறு பங்குதான். பெரிய ஆம்பிளிஃபையரை அளவின்றித் திருப்பினாலும் கருகும். சின்னதைக் கதற விட்டாலும் கருகும்.

காவலுக்கு மூன்று வழி சொன்னார். தொடரில் ஒரு கண்டென்சர். 4 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி குறைந்துவிடும். கூடவே ஒரு சின்ன பல்பு. மின்சாரம் மிஞ்சினால் இழை சூடாகி, மின்தடை ஏறி, அதுவே சுமையை வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, காது. ஒலி கரகரத்தால் உடனே குறைக்க வேண்டும்.

இந்த மூன்றாவதைத்தான் மைக் செட்காரர் அன்றே சொன்னார். பேரன் புது ட்வீட்டருக்குப் பணம் கொடுத்தான். அந்த 20 ரூபாயை நான் இனி யாரிடம் கொடுப்பது?