வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கீர்த்தனை

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத்தான் தேவாலயம் எங்கள் கைக்கு வரும். காலையில் ஆங்கிலச் சபை. அவர்கள் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போன பிறகு நாங்கள். வெஸ்ட் ஈலிங்கில் நான் கீபோர்ட் வாசிக்கத் தொடங்கிப் பதினெட்டு வருடம். யாழ்ப்பாணத்தில் ஆர்மோனியம் பழகியவன் என்பதால், வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி இருத்தினார்கள். வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

சென்ற வருடம் ஒரு ஞாயிறு இளையவர்களின் முறை. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் அடித்துத் திரையில் போட்டிருந்தார்கள். அடித்தவர் 'பாடு' என்ற சொல்லுக்கு ஒரு 'ஏ'யோடு நிறுத்திவிட்டார். பிள்ளைகள் நெஞ்சு நிறைய 'படு, படு' என்று பாடினார்கள். முன்வரிசை அம்மம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இவ்வளவு பேர் கேட்கினம், ஒருக்கால் படுத்து எழும்பட்டோ?" என்றார். எனக்கு விரல் ஓடவில்லை.

சிரிப்பு அடங்கியபின் கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பிள்ளைகளுக்குக் கீர்த்தனை விளங்கவில்லை, இனி ஆங்கிலப் பாட்டுகளே போதும் என்றார்கள் சிலர். முடிவை மூன்று மாதம் தள்ளிவைத்தோம். அந்த மூன்று மாதமும் நான் பழைய புத்தகங்களோடு இருந்தேன்.

எங்கள் விபத்து புதிதல்ல. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். லூத்தரன் சபை பாடும் சபை. ஆகவே ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, மெட்டை மட்டும் அப்படியே வைத்தார்கள். வேப்பேரியில் இருந்த ஃபப்ரிசியுஸ் அந்த வேலையில் கைதேர்ந்தவர். ஞானப்பாட்டு என்று இன்றும் அவற்றைப் பாடுகிறோம், எனக்குப் பிரியமானவையும் உண்டு. ஆனால் ஜெர்மன் மெட்டு தனக்கு வேண்டிய இடத்தில் நீளும். தமிழிலோ நீளம்தான் பொருள். விடு வேறு, வீடு வேறு. மெட்டு குறிலின் மேல் நின்று இழுத்தால் சொல் வேறொன்றாகிவிடும். அந்தக் காலத்துச் சபையிலும் யாராவது ஒரு அம்மம்மா சிரித்திருப்பார்.

இதை நேராக்கியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர். சரபோஜி மன்னரும் அதே பாதிரியாரிடம் கற்றவர். தஞ்சை அரண்மனையும் தெருவும் கேட்டு வளர்ந்த இசை சாஸ்திரியாரின் காதில் இருந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அவர் கட்டினார். தாளம் தமிழ்ச் சொல்லின் மாத்திரையோடு ஒட்டி நடந்தது. குறவஞ்சியைக்கூட விடவில்லை; அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறத்தி வந்து குறி சொல்கிறாள்.

இதுவரை எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு அப்பால் உள்ளதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகளோடு சாஸ்திரியார் மோதினார். அவர் எழுதிவைத்த முறைப்பாடுகள் நான்கு. பழைய தமிழ் வேதாகமத்தை மாற்றுகிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூ கூடாது என்கிறார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள். நாலாவது, திருவிருந்தில் சாதிகளைக் கலக்கிறார்கள்.

முதல் மூன்றிலும் நான் அவர் பக்கம். நாலாவதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். பாட்டைத் தடுத்தவர்கள்தான் சாதியையும் தடுத்தவர்கள். எங்கள் பாட்டைக் காத்தவரோ இரண்டையும் ஒரே மூச்சில் காத்தார். அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அதே காலத்தில் அதே ஊரில், அந்த விருந்தில் தள்ளி வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், அவர்களும் பாடியவர்கள்தான். 1816இல் அமெரிக்க மிஷன் வந்த எங்கள் யாழ்ப்பாணத்திலும், பள்ளி விடுதிகளில் யாரோடு யார் இருந்து சாப்பிடுவது என்பதே பெரிய தகராறு.

கடைசியில் பாட்டு வென்றது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைச் சபைக்கான புத்தகமாக அச்சிட்டார். அதன்பின் வந்தது ஆர்மோனியம். பிரான்சில் பிறந்து, கல்கத்தாவில் தரையில் இருந்து வாசிக்கும் பெட்டியாக மாறிய கருவி. பாட்டின் தலையில் 'ராகம்: ஆனந்தபைரவி' என்று அச்சில் இருக்கும், ஆனால் அந்த ராகத்தின் காந்தாரம் அசையும், கட்டை அசையாது. இந்தக் குறைக்காகவே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை வெளியே நிறுத்தியது. தேவாலயம் நிறுத்தவில்லை. சபையைத் தூக்கிப் பிடிக்கச் சத்தமான ஒன்று வேண்டியிருந்தது.

கீபோர்டும் அதே கட்டைதான், கூடவே புதுத் தொல்லைகள். எங்கள் பாடகர்கள் தங்களுக்குப் பிடித்த சுருதியில் எடுப்பார்கள், நான் பொத்தானை அழுத்தி அவர்களைப் பிடிப்பேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆங்கிலச் சபையோடு கூட்டு ஆராதனை. பொத்தானை மூன்று சுருதி மேலே வைத்தது எனக்கு மறந்துபோயிற்று. அவர்களுடைய ஆர்கன் ஓரிடத்தில், நான் ஓரிடத்தில். இரண்டு வரி அப்படியே போனது. ஆர்கன் வாசித்த பெரியவர் பிறகு என் தோளில் தட்டி, இதுதான் இந்தியச் சங்கீதமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்று மாதம் முடிகிற ஞாயிறு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி தனியாகக் கீர்த்தனை பாடுகிறேன் என்று வந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சங்கீதம் படிக்கிறவள். அவளோடு படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் சாப்பல் ரோட்டுக் கனகதுர்க்கை அம்மன் கோவில் வீடுகள். (அந்தக் கோவில் இருப்பதும் பழைய கிறிஸ்தவ ஆலயக் கட்டடத்தில்தான், ஆகஸ்டில் தேருக்கு அங்கே நாதஸ்வரம் கேட்கும்.) பாட்டு ஆனந்தபைரவி. இரண்டாவது வரியில் காந்தாரம் அசைந்தது. நான் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கீர்த்தனையை நிறுத்தும் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை.

"இதை எழுதினது ஆர், அங்கிள்?" என்று கேட்டாள். சாஸ்திரியாரைப் பற்றிச் சொன்னேன். மிஷனரிகளோடு அவர் போட்ட சண்டையையும் சொன்னேன்: வேதாகமம், பூ, பாட்டு.

அடுத்த ஞாயிறு அவள் நேரத்தோடு வந்து, நான் கீபோர்டுக்கு வயர் கொழுவுமுன் பக்கத்தில் நின்றாள். போனில் எதையோ வாசித்திருந்தாள்.

"நாலாவதை ஏன் சொல்லேல்ல, அங்கிள்?"

ஒரு கதிரையை இழுத்து அவளுக்குக் கொடுத்தேன். அன்று ஆராதனை பத்து நிமிடம் பிந்தித் தொடங்கியது.