நாசரேத்துப் பலகையும் வெறுங்கல்லறையும்: மொமிலியானோவின் கிளாடியஸ் வாதத்துக்கு ஒரு மறுப்பு

இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்கு வரலாற்றுச் சான்று தேடுவோர் முதலில் பவுலிடம் போவர், அடுத்து மாற்கிடம். இருவரும் நம்பியவர்கள். நம்பாத ஒருவரின் சாட்சி, அதுவும் சிலுவை நிகழ்ந்து ஒரு தலைமுறை முடிவதற்குள், கல்லில் வெட்டிக் கிடைத்தால் விவாதத்தின் போக்கே மாறிவிடும். பாரிஸ் தேசிய நூலகத்தின் நாணய, பதக்கப் பிரிவிலுள்ள நாசரேத்துக் கல்வெட்டு அத்தகைய சாட்சியாகப் பல பத்தாண்டுகளாகக் காட்டப்படுகிறது. அந்த வாசிப்புக்கு ஒரு தேர்ந்த வரலாற்றாசிரியரின் கனத்தைத் தந்தவர் அர்னால்டோ மொமிலியானோ. பேரரசர் கிளாடியஸைப் பற்றி 1932 இல் வெளியிட்ட நூலில் அவர் இந்தக் கல்வெட்டைக் கிளாடியஸ் காலத்தில் வைத்து, கிறிஸ்தவப் பரவலோடு இணைத்தார். அப்போது அவருக்கு வயது 24. நூல் 1934 இல் ஆங்கிலத்தில் வந்தபின் திருமறை ஆய்வாளர்கள் பலர் அந்த முடிவை எடுத்துக்கொண்டனர். அதைத் தாங்கிய வாதத்தைச் சோதித்தவர்கள் குறைவு.

பலகை பெரியதல்ல. ஏறத்தாழ 60 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம், கிரேக்கத்தில் 22 வரிகள். வில்ஹெல்ம் ஃப்ரோனர் என்ற சேகரிப்பாளரிடம் இருந்தது. 1878 இல் நாசரேத்திலிருந்து அனுப்பப்பட்ட பளிங்குப் பலகை என்ற அளவில் மட்டுமே அவர் குறித்து வைத்தார். எந்த இடத்தில், யார் தோண்டி எடுத்தார்கள் என்பது அந்தக் குறிப்பில் இல்லை. அவர் 1925 இல் இறந்தபின் சேகரிப்பு பாரிஸ் நூலகத்துக்குப் போனது. அங்கே வரலாற்றாசிரியர் ரொஸ்தோவ்செஃப் கண்ணில் பட்டு, 1930 இல் ஃப்ரான்ஸ் க்யுமோன் பதிப்பித்தார். தன் வாழ்நாளில் ஃப்ரோனர் இதை ஏன் பதிப்பிக்கவில்லை என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. கல்வெட்டுப் படிப்பதே அவர் தொழில். கைவசம் இருந்ததன் மதிப்பை அவர் அறியாமல் இருந்திருக்க முடியாது.

தலைப்பு 'சீசரின் ஆணை' என்று மட்டும் சொல்கிறது. எந்தச் சீசர், எந்த ஆண்டு, யாருக்கு அனுப்பியது என எதுவும் இல்லை. முன்னோர், பிள்ளைகள், வீட்டார் ஆகியோரின் வழிபாட்டுக்காக அமைத்த கல்லறைகள் என்றென்றும் கலைக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று ஆணை தொடங்குகிறது. ஒருவர் கல்லறையை இடித்தார், அடக்கம் செய்யப்பட்டவரை வெளியே எடுத்தார், தீய எண்ணத்தோடு வேறிடத்துக்கு மாற்றினார், மூடுகல்லையோ பிற கற்களையோ பெயர்த்தார் என்று இன்னொருவர் குற்றம் சாட்டினால், தெய்வங்களுக்கு எதிரான குற்றத்தைப் போலவே மனிதரின் வழிபாட்டுக்கு எதிரான இதையும் விசாரிக்க வேண்டும். இறந்தவர்க்கு இன்னும் கூடுதலான மரியாதை தேவை. மீறியவருக்குக் கல்லறைக் கொள்ளை என்ற பெயரில் மரண தண்டனை விதிக்கப்பட வேண்டும் என்பது சீசரின் விருப்பம்.

பதிப்பாசிரியரான க்யுமோன் இயேசுவின் கல்லறையோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்தாரே தவிர, அதன்மேல் எதையும் கட்டவில்லை. மொமிலியானோவின் வாதம் அதைவிட உறுதியானது, ஆகவே அதைப் படிப்படியாகப் பார்ப்பது நியாயம். கல் நாசரேத்தில் கிடைத்தது. நாசரேத்து கலிலேயாவில் உள்ளது. கலிலேயா கி.பி. 39 வரை ஏரோது அந்திப்பாவிடமும், பிறகு 44 இல் இறக்கும்வரை முதலாம் அகிரிப்பாவிடமும் இருந்தது. வேறொரு மன்னன் ஆளும் நிலத்தில் ரோமச் சீசர் தன் ஆணையை நேரடியாக நட்டிருக்க மாட்டார். எனவே ஆணை 44 க்குப் பிந்தியது. எழுத்தமைதி முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டாது என்பதால் மிஞ்சுபவர் கிளாடியஸ். அவரோ யூதர் விவகாரங்களில் தொடர்ந்து தலையிட்டவர். கிறெஸ்துஸ் என்பவர் தூண்டியதாகச் சொல்லப்பட்ட கலகங்களுக்காக யூதரை ரோமிலிருந்து வெளியேற்றினார் என்று சூத்தோனியஸ் எழுதுகிறார். சீடர்கள் உடலைத் திருடிவிட்டனர் என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியிருக்கும். ஆணை அதற்கான பதில்.

இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் முதல் கண்ணியில் தொங்குகின்றன. ஃப்ரோனரின் குறிப்பு கல் கிடைத்த இடத்தைச் சொல்லவில்லை, அனுப்பிய இடத்தை மட்டும் சொல்கிறது. 1870களின் நாசரேத்து யாத்திரிகர் வந்துபோகும் ஊர், பழம்பொருள் கைமாறும் சந்தை. ஒரு வணிகன் தன் சரக்கை எந்த ஊரிலிருந்து அனுப்பினான் என்பதிலிருந்து சரக்கு எந்த மண்ணில் கிடந்தது என்று முடிவுகட்ட முடியாது. கலிலேயாவை எடுத்துவிட்டால் 44 என்ற தொடக்க எல்லையும் போகிறது. அதோடு கிளாடியஸும் போகிறார்.

சரி, கல் கலிலேயாவில்தான் நடப்பட்டது என்று வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். ஆணையின் மொழி அதற்கு ஒத்துவருகிறதா? முன்னோர் வழிபாட்டுக்கான கல்லறை, தெய்வங்களுக்கு இணையான மரியாதை, பன்மையில் தெய்வங்கள். இவற்றை யூதச் சிற்றூர் ஒன்றில் கிளாடியஸ் நட்டார் என்று நம்புவதற்கு அவரை நாம் மறக்க வேண்டும். யூதரின் வழிபாட்டு நுணுக்கங்களை இவ்வளவு கவனமாகக் கையாண்ட பேரரசர்கள் குறைவு. அலெக்சாந்திரியருக்கு அவர் எழுதிய கடிதம் பாப்பிரஸில் கிடைத்து 1924 இல் பதிப்பிக்கப்பட்டது. யோசேப்பஸ் அவருடைய ஆணைகளைத் தருகிறார். இவற்றில் யூதர் தம் முன்னோர் வழக்கப்படி வாழலாம் என்கிறார், எல்லை மீறினால் எச்சரிக்கிறார். அவர்கள் நம்பாத தெய்வங்களை அளவுகோலாக வைத்து அவர்களிடம் பேசவில்லை. அந்த ஆவணங்களின் தலையில் அவருடைய பெயரும் பட்டங்களும் வரிசையாக நிற்கின்றன. நம் கல்லில் வெறும் 'சீசர்'.

இந்தக் கடைசிப் புள்ளியை அளவோடு எடுக்க வேண்டும். கிரேனேயில் கிடைத்த அகஸ்டஸின் ஆணைகளிலும் பட்டங்கள் முழுமையாக வருகின்றன. ஆகவே 'சீசர்' என்ற மொட்டைத் தலைப்பு கிளாடியஸுக்கு மட்டும் எதிரானதல்ல, அரசு அலுவலகப் பிரதி என்ற கருத்துக்கே எதிரானது. யாரோ ஒருவர் ஒரு நீண்ட ஆவணத்திலிருந்து தமக்கு வேண்டிய பகுதியை எடுத்து வெட்டுவித்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

யூத அடக்க முறையும் மொமிலியானோவுக்கு இடைஞ்சல். முதல் நூற்றாண்டு யூதேயாவில் உடலைக் குகைக் கல்லறையில் கிடத்தி, சதை கரைந்தபின் எலும்புகளைத் திரட்டிச் சிறு கற்பேழையில் இடுவது வழக்கம். எருசலேமுக்கு வடக்கே கிவ்அத் ஹா மிவ்தாரில் 1968 இல் கிடைத்த, சிலுவையில் அறையப்பட்ட யெகோகனான் என்பவரின் பேழை நாம் அறிந்ததே: குதிகால் எலும்பில் இன்னும் ஆணி இருக்கிறது. சிலுவையில் இறந்தவரும் குடும்பக் கல்லறைக்குப் போக முடிந்தது என்பதற்கு அந்த ஒரு எலும்பு போதும். யோசேப்பு என்பவர் இயேசுவை அடக்கம் செய்ததாக வரும் செய்தியை நடக்கவே இயலாதது என்று தள்ளுவோர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படிக் கல்லைத் திறப்பதும் எலும்பை எடுப்பதும் குடும்பக் கடமையாக இருந்த நாட்டில், அவற்றுக்கு மரண தண்டனை என்று பொதுவாக அறிவிப்பது விசித்திரம். 'தீய எண்ணத்தோடு' என்ற நிபந்தனை அந்தக் கடமையைக் காக்கும் என்று பதில் சொல்லலாம். காக்கும்தான். ஆனால் உள்ளூர் வழக்கை அறிந்து எழுதிய ஆணையில் அதைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கும் என்று எதிர்பார்ப்பேன்.

2020 இல் கைல் ஹார்ப்பரும் உடன் ஆய்வாளர்களும் பளிங்கின் கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதங்களை அளந்து, பழைய கற்சுரங்கங்களின் அளவுகளோடு ஒப்பிட்டனர். கல் ஏஜியன் கடலின் கோஸ் தீவிலுள்ள ஒரு சுரங்கத்தோடு பொருந்தியது. பெரிய அளவில் ஏற்றுமதியான பளிங்கு அல்ல அது. இதோடு நாசரேத்து வாதம் படுத்துவிட்டது என்பதே என் கருத்து. கோஸிலிருந்து எழுதாத பலகையைக் கப்பலேற்றி, கலிலேயாவின் மலையூர் ஒன்றில் வெட்டினார்கள் என்று சொல்ல இப்போது தனிச் சான்று வேண்டும்.

ஆனால் ஹார்ப்பர் குழு அங்கே நிற்கவில்லை. மார்க் ஆன்டனியின் காலத்தில் கோஸை ஆண்ட கொடுங்கோலன் நிக்கியாஸ். ஸ்திராபோ அவனைத் தன் காலத்தவன் என்கிறார். அவன் இறந்தபின் ஊரார் கல்லறையைத் திறந்து பிணத்தை இழுத்துப்போட்டுத் தண்டித்தனர் என்று மித்திலேனேயின் கிரினகோராஸ் ஒரு சிறு கவிதையில் பாடியிருக்கிறார். அந்த அவமதிப்புக்கு அகஸ்டஸ் தந்த பதில்தான் இந்த ஆணை என்பது அவர்கள் கருத்து. அழகான பொருத்தம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. காரணம் ஆணையின் வாசகத்திலேயே இருக்கிறது.

நிக்கியாஸுக்கு நடந்தது பட்டப்பகலில் ஊர் கூடிச் செய்த பழிவாங்கல். ஆணை பேசுவது வேறு. ஒருவர் மற்றொருவர் மேல் வழக்குத் தொடுக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவர் உடலை எடுத்து வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார், மூடுகல் பெயர்ந்திருக்கிறது. இது கல்லறை இடத்துக்கான சண்டை. பிறர் குடும்பக் கல்லறையைக் காலிசெய்து தம்மவரை அங்கே வைப்பது ஆசியா மைனர் முழுக்க இருந்த தொல்லை. லிக்கியா, பிசிடியா பகுதிகளின் கல்லறை வாசகங்கள் வேறு எவரையும் இங்கே வைக்காதே என்று எச்சரித்து, அபராதம் குறித்து, மீறினால் கல்லறைக் கொள்ளைக் குற்றத்துக்கு ஆளாவாய் என்று இதே குற்றப் பெயரைச் சொல்கின்றன. நம் கல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தன் கல்லறைக்குக் காவலாக வசதியுள்ள கோஸ்வாசி ஒருவர் சீசரின் ஆணையிலிருந்து ஒரு பகுதியை வெட்டுவித்திருக்கலாம். தலைப்பு மொட்டையாக இருப்பதற்கும் இது பொருந்தும்.

எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. 'தீய எண்ணம்' என்பது ரோமச் சட்டத்தின் வழக்கமான சொற்கட்டு. இரகசியமாகச் செய்ததையும் வெளிப்படையாகச் செய்ததையும் அது பிரிப்பதில்லை. அபராதமே வழக்கமான குற்றத்துக்கு மரண தண்டனை ஏன் என்ற கேள்விக்கு நிக்கியாஸ் விவகாரம் ஒரு விடை தருகிறது. என் விளக்கம் தரவில்லை. ஆணை அகஸ்டஸுடையது என்பதை ஏற்கிறேன், எந்தப் பத்தாண்டு என்பதில் கை வைக்க மாட்டேன். எழுத்தமைதியை வைத்து 1932 இல் சுலுவேட்டா கொடுத்த கி.மு. 50 முதல் கி.பி. 50 வரை என்ற வரம்பைக் குறுக்க கல்லிலேயே வழியில்லை.

இந்தக் கல் விலகியபின் 'உடல் திருட்டு' என்ற குற்றச்சாட்டின் வரலாறு எப்படி நிற்கிறது? கி.பி. 50களில் கொரிந்தியருக்கு எழுதும் பவுல் இயேசு அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், இன்னின்னாருக்குத் தோன்றினார் என்ற மரபைக் கையளிக்கிறார்; கல்லறை வெறுமையாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. மாற்கில் கல்லறை வெறுமை, ஆனால் காவலர் இல்லை. மத்தேயுவில்தான் காவல் வருகிறது, முத்திரை வருகிறது, இரவில் நாங்கள் தூங்கியபோது சீடர் வந்து களவாடினர் என்று சொல்லக் காவலருக்குக் கொடுத்த பணமும் வருகிறது. அந்தப் பேச்சு இன்றளவும் யூதரிடையே வழங்குகிறது என்று மத்தேயு முடிக்கிறார். பேதுருவின் பெயரில் வழங்கிய நற்செய்தியில் காவல் இன்னும் பெருகி, நூற்றுவர் தலைவனுக்குப் பெத்ரோனியஸ் என்று பெயர் கிடைத்து, முத்திரை ஏழாகிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், திருட்டுக் கதையைப் பரப்ப ஆட்கள் எங்கும் அனுப்பப்பட்டதாகச் சொல்கிறார். தெர்த்துல்லியன் காலத்தில் தோட்டக்காரன் நுழைகிறான்: வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் தன் கீரைப் பாத்தியை மிதிக்கக்கூடாது என்று அவன் உடலை அப்புறப்படுத்தினான் என்ற கேலி. அந்தத் தோட்டக்காரனுக்கு யோவானிலேயே வேர் இருக்கிறது. அங்கே முதலில் உடலை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று நினைப்பவள் மகதலேனா மரியாள்.

எதிரிகளே திருட்டு என்றார்கள், அப்படியானால் கல்லறை வெறுமையென்று ஒப்புக்கொண்டார்கள் என்பது விசுவாச வாதிகளின் பிரியமான நியாயம். அது முற்றிலும் வெற்று அல்ல. இட்டுக்கட்டுவோர் தமக்கு இப்படி ஒரு சங்கடத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வது அரிது. மத்தேயு கேள்விப்பட்ட ஒரு பேச்சுக்கே பதில் எழுதுகிறார் என்று நம்புகிறேன். ஆனால் அந்தப் பேச்சு எப்போது தொடங்கியது என்பதுதான் கேள்வி. அடுத்த வாரமே எருசலேமில் பிறந்ததா, அல்லது கி.பி. 70 இல் நகரம் அழிந்தபின், வெறுங்கல்லறைக் கதையைக் கேட்டவர்கள் அதற்கு மட்டும் தந்த பதிலா? பின்னதாக இருந்தால் எதிரி ஒப்புக்கொண்டது கதையைத்தான், கல்லறையை அல்ல. கிளாடியஸின் கல் முன்னதற்கு நாள் குறிக்கும் என்பதாலேயே அதற்கு அவ்வளவு கிராக்கி இருந்தது.

கல் போனபின் திருட்டுக் குற்றச்சாட்டுக்கான பழைய சான்றுகள் எல்லாம் கிறிஸ்தவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. கிறிஸ்தவரல்லாதவர்களில் உயிர்த்தெழுதலை முதலில் விரிவாகத் தாக்கியவர் செல்சஸ், இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அவர் நூல் அழிந்துவிட்டது. ஒரிகேன் மறுப்பதற்காக எடுத்துத் தரும் பகுதிகளே நம்மிடம் உள்ளன. அங்கே செல்சஸ் ஒரு யூதரைப் பேசவைக்கிறார். உயிர்த்தெழுந்தவரை யார் கண்டது என்று கேட்டு அந்த யூதர் தாமே பதில் சொல்கிறார்: வெறிபிடித்த ஒரு பெண், அதே மயக்கத்தில் இருந்த இன்னொருவர், கனவு கண்டிருப்பார்கள், ஆசையால் மனம் மயங்கியிருக்கும், அல்லது பிறரை வியக்கவைக்கப் பொய் சொல்லியிருப்பார்கள். இந்தப் பட்டியலில் திருட்டு இல்லை. அவர் செல்சஸ் படைத்த பாத்திரம், ஒரிகேன் தேர்ந்தெடுத்துத் தந்த பகுதி இது. மௌனத்தின் மேல் அதிகம் ஏற்றக்கூடாது. என்றாலும், யூதரிடையே வழங்கியதாக மத்தேயு சொல்லும் பேச்சை, கிறிஸ்தவரை மடக்கவே உருவாக்கப்பட்ட ஒரு யூதர் இந்த இடத்தில் எடுக்காமல் விட்டது ஏன் என்பதற்கு மொமிலியானோவின் வரிசையில் இடமில்லை.